மூன்றாவது தெருவில் ஒரு முழக் கடல்

மதுரை ஆசிரியர் காலனி மூன்றாவது தெருவுக்குத் தீவு வந்து சேர்ந்தது ஒரு சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தண்ணீர் லாரி வந்து போன பிறகு, இட்லி மாவுக்காரர் மணியடித்துக்கொண்டு வருவதற்கு முன்பு. அதற்குத் தீவையும் குற்றம் சொல்ல முடியாது, கடலையும் குற்றம் சொல்ல முடியாது, பதினொன்றாம் நம்பர் வீட்டுச் சொக்கலிங்கத்துக்கு அடுத்தவர் போட்ட முடிச்சின் மேல் ஆயுளில் ஒரு நாளும் நம்பிக்கை இருந்ததில்லை என்பதைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

சொக்கலிங்கம் மின்வாரியத்தில் பொறியாளர். பூட்டிய பெட்டியின் மேல் நைலான் கயிறு சுற்றுவார், சுற்றிய பெட்டியை ரயில் சீட்டின் காலோடு கட்டுவார், அந்தக் கட்டின் நுனியைத் தன் கட்டை விரலில் மாட்டிக்கொண்டு தூங்குவார். கேஸ் சிலிண்டர் சன்னல் கம்பியோடும், துடைப்பம் ஆணியோடும், தண்ணீர்த் தொட்டியின் மூடி தொட்டியோடும் கட்டப்பட்டிருந்த அந்த வீட்டில் கட்டப்படாமல் திரிந்தது அவர் மனைவி மங்கையர்க்கரசியின் நாக்கு ஒன்றுதான். கல்யாணத்தன்று மூன்று முடிச்சோடு அவர் நிறுத்திக்கொண்டது ஐயர் கையைப் பிடித்து இழுத்ததால்தான் என்று அவள் சொல்வாள்.

கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் மங்கை. வரிசை தப்பினால் பொறுக்க மாட்டாள், நேரம் தப்பினால் பொறுக்க மாட்டாள், கோபம் வந்தால் முதல் வாக்கியம் ஆங்கிலத்திலும் மீதி சுத்தமான மதுரையிலும் வரும். மகள் கல்யாணமாகிப் பூனாவுக்குப் போன பிறகு அந்த நாக்குக்கு வேலை குறைந்துவிட்டது. தெருவில் எல்லோரும் அவளைப் பார்த்தால் பயந்து சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சொக்கலிங்கமோ எதைச் சொன்னாலும் "சரிம்மா" என்பார். பதில் வராத பேச்சு, சுவரில்லாத மைதானத்தில் எறிந்த பந்து மாதிரி. எறிந்தவளேதான் நடந்து போய் எடுத்து வர வேண்டும். ஐந்து வருஷமாக எடுத்து வந்து அவளுக்குக் கால் வலித்திருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் சொக்கலிங்கத்துக்குச் சர்க்கரை வந்தது, சர்க்கரைக்காகச் சைக்கிள் வந்தது, சைக்கிளோடு கூட அலுவலகத்து ஞானசேகரும் ஞானசேகரின் சைக்கிளும் வந்தன, இருவருமாக ராமேஸ்வரம் தீவைச் சைக்கிளில் சுற்றிவருவது என்று தீர்மானம் ஆயிற்று. மதுரையிலிருந்து அதுவரை மிதிக்க இருவருக்கும் முழங்கால் கிடையாது. காரில் போய், அங்கே இறங்கி மிதிப்பதென்றால், சைக்கிளைக் காரின் முதுகில் மாட்டும் ரேக் ஒன்று வேண்டும். ஒரு நாள் கூத்துக்கு அதை விலைக்கு வாங்குவதா என்று மங்கை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். வாடகைக்கு எடுக்கலாம் என்று ஆகிவிட்டது.

கல்யாணத்துக்கு அண்டாவும் சாவுக்குக் குளிர்பெட்டியும் வாடகைக்கு விடும் பால்பாண்டியின் பாத்திரக் கடையில், இட்லிக் கொப்பரைக்கும் பிளாஸ்டிக் நாற்காலி அடுக்குக்கும் நடுவே, யாரோ வெளிநாடு போகும்போது விட்டுச்சென்ற அந்த ரேக், இரண்டு கை விரித்து நின்றது. பால்பாண்டி அதைக் கார் முதுகில் மாட்டிக் காட்டினான். பட்டையை இழுத்தால் 'க்ளிக்' என்று ஒரு சத்தம்.

"அவ்வளவுதான் சார். யானையே ஆனாலும் அசையாது."

சொக்கலிங்கம் அந்தப் பட்டையைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லிர்றேன்," என்றான் பால்பாண்டி, யாரிடம் சொன்னால் வீட்டில் நடக்கும் என்று தெரிந்தவனாக. "நம்ம கடையில சட்டம் ஒண்ணுதான். கரண்டி குறைஞ்சு வந்தா மன்னிச்சிருவேன். அடுத்த வீட்டுக் கரண்டி ஒண்ணு கூட வந்துச்சுன்னா, அதை உரியவக வீட்டுல சேத்துட்டு வந்தாத்தான் சாமானை உள்ள எடுப்பேன். அடுத்தவக பொருள் கலந்த பாத்திரத்துல அடுத்த விசேஷத்துக்குச் சோறு பொங்காது. எங்க அப்பா காலத்துச் சட்டம்."

"இது சைக்கிள் மாட்டுற கம்பிப்பா. இதுல எந்த வீட்டுக் கரண்டி ஒட்டிக்கிட்டு வரப்போகுது," என்றாள் மங்கை.

"சட்டத்தைச் சொன்னேன்க்கா."

ராமேஸ்வரத்துக்கு அப்பால், சாலை மணலாகும் இடத்தில், பெரிய தீவின் இடுப்பில் உட்கார்ந்த குழந்தை மாதிரி நண்டுத்தீவு என்று ஒன்று இருந்தது. எட்டு வீட்டு நீளம், மூன்று பனைமரம், ஒரு கிணறு, ஒரு கீற்று வீடு, பதினான்கு கோழி. கடல் வற்றும்போது நடந்தே போய்விடலாம். ஆண்கள் இருவரும் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு மிதித்துக்கொண்டு போனார்கள். காருக்கும் புளியோதரைக்கும் காவலாக வைக்கப்பட்ட மங்கை, காரைப் பூட்டிவிட்டு, புளியோதரையோடு நிழல் தேடி அந்தக் கீற்று வீட்டுக்குப் போனாள். அங்கே அடைக்கலமேரி என்ற பெண் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். மங்கையின் வயசுதான் இருக்கும். அவள் கணவன் சூசை விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி இரண்டு நாள் ஆகியிருந்ததால் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான், தடைக்காலம் முழுக்கத் தூங்குவதாக உத்தேசம்.

மேரி புளியோதரையை ஒரு வாய் தின்றாள். மென்றாள். யோசித்தாள்.

"எள்ளைக் கருக விட்டுட்டீக மதினி."

இருபத்தெட்டு வருஷத்தில் மங்கையின் புளியோதரையைக் குறை சொன்ன முதல் மனுஷி அவள். மங்கைக்குக் காது மடல் சிவந்தது. கருகவில்லை என்றாள். கருகிவிட்டது என்றாள் மேரி. நீ எள்ளையே பார்த்திருக்க மாட்டாய் என்றாள் மங்கை. கருகாத எள்ளை நீங்கள்தான் பார்த்திருக்க மாட்டீர்கள் என்றாள் மேரி. மூன்று மணி நேரம் போனது தெரியவில்லை. திரும்பிக் காருக்கு நடக்கும்போது, சண்டை போட்டுவிட்டு வருகிற முகமாக மங்கையின் முகம் இல்லை.

அந்தப் பக்கத்தில் சின்னத் தீவுகளைப் பெரிய தீவோடு கயிறு போட்டுக் கட்டி வைப்பது வழக்கம். இல்லாவிட்டால் காற்றுக் காலத்தில் கன்றுக்குட்டி மாதிரி அலைந்து போய்விடும். நண்டுத்தீவின் கயிறும் அதன் நடுப் பனையில் தொடங்கி, மணலுக்கடியில் ஓடி, சாலையோரத்துக் கல் ஒன்றில் முடிந்திருந்தது. களைத்து வந்த சொக்கலிங்கம் சைக்கிள்களை ரேக்கில் ஏற்றினார், பட்டையை இழுத்தார், க்ளிக் என்று கேட்டது, நம்பவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். கல்லில் ஒரு கயிறு சும்மா கட்டிக் கிடந்தது. நல்ல தடித்த கயிறு. யாரோ மறந்துவிட்டுப் போன கயிறு என்று நினைத்துக் கல்லிலிருந்து அவிழ்த்து, இரண்டு சைக்கிளையும் ரேக்கையும் சேர்த்துப் பதினொரு முடிச்சுப் போட்டார். மீதிக் கயிற்றின் நுனி எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. முடிச்சுப் போடுகிறவர்கள் நுனியைப் பார்ப்பதில்லை.

வழியெல்லாம் வண்டி இழுக்கவில்லை. "ஏசி போட்டா அப்பிடித்தான்," என்றார் ஞானசேகர். ஏசியை அணைத்தார்கள். பரமக்குடியில் டீ குடித்தார்கள். யாரும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. மானாமதுரை தாண்டியும் கடல் வாசனை போகவில்லை, துணியில் ஒட்டியிருக்கும் என்று நினைத்தாள் மங்கை. ஆசிரியர் காலனியில் இறங்கி கேட்டைத் திறக்கப் போனபோது அவள் கால் நனைந்தது. திரும்பினாள். ரேக்கிலிருந்து கயிறு விறைப்பாக நீண்டு போக, அதன் மறுமுனையில் நண்டுத்தீவு நின்றது, மூன்று பனைமரத்தோடும் பதினான்கு கோழியோடும். அதைச் சுற்றி, சேலைக்குக் கரை வைத்த மாதிரி, சரியாக ஒரு முழ அகலத்துக்குக் கடலும் வந்திருந்தது. அந்த ஒரு முழத்துக்குள் அலை அடித்தது, நுரைத்தது, பின்வாங்கியது.

மேரி வீட்டு வாசலில் கையைப் புருவத்தில் வைத்துப் பார்த்தாள்.

"மதினி, இது எந்த ஊரு?"

"மதுரை."

"மதுரையா. ஆகட்டும். அவுக தூங்குறாக, சத்தம் போடாதீக."

எட்டு வீட்டு நீளத் தீவு பதினைந்தடித் தெருவுக்குள் எப்படி நுழைந்தது என்று யாரும் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு வரும் நாற்பது சொந்தக்காரர்கள் இரண்டு அறை வீட்டுக்குள் எப்படி நுழைகிறார்களோ அப்படித்தான் நுழைந்தது. கேட்ட கேள்வி வேறு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் குடியிருப்போர் சங்கச் செயலாளருமான பொன்னையா சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு முழக் கடலைத் தாண்டிப் போய், "வந்தது விருந்தா, குடித்தனமா?" என்று கேட்டார். "விருந்துதான் சார், தடைக்காலம் முடிய," என்றாள் மேரி. சங்கத்தின் நோட்டில் 'விருந்து' என்று எழுதப்பட்டது. அத்தோடு தெருவின் சந்தேகம் தீர்ந்தது.

அடுத்த நாளே திரும்பக் கொண்டுபோய் விடலாமென்றால், தீவை இழுத்த களைப்பில் காரின் கிளட்ச் கருகிப் போயிருந்தது. மெக்கானிக் உதட்டைப் பிதுக்கி, பாகம் வர நாளாகும் என்றான். கயிற்றை அவிழ்க்கவும் கூடாது என்று மேரி சொல்லிவிட்டாள். அவிழ்த்தால் தீவு நின்ற இடமே ஊர் என்று வேர்விட்டுவிடுமாம். எனவே கார் நின்றது, ரேக் நின்றது, ரேக்கில் ஞானசேகரின் சைக்கிளும் நின்றது. அவர் தினமும் வந்து அதன் மணியை மட்டும் இரண்டு தரம் அடித்துவிட்டு ஆபீசுக்கு நடந்து போனார். பால்பாண்டி ரேக்கைக் கேட்டு வந்தான். கயிற்றோடு நடந்து போய்த் தீவின் தலையையும் வாலையும் பார்த்துவிட்டு வந்தான்.

"நான் கரண்டின்னு நெனச்சேன்க்கா," என்றான். "சேக்க வேண்டிய இடத்துல சேத்துட்டுக் கொண்டாங்க. சட்டம் சட்டந்தான்." சொல்லிவிட்டு மணலில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனான். மறு ஞாயிறு குடும்பத்தோடு வந்தான்.

அக்கினி நட்சத்திரத்தில் மதுரை வெந்தபோது மூன்றாவது தெருவில் மட்டும் கடற்காற்று அடித்தது. கரண்ட் போனால் விசிறியைத் தேடியவர்கள் பாயைத் தூக்கிக்கொண்டு மணலுக்குப் போனார்கள். தெருப் பெண்கள் கூழ்வத்தல் பிழிய மொட்டைமாடிக்கு ஏறுவதை விட்டுவிட்டு மணலில் வேட்டி விரித்தார்கள். அந்தக் காற்றில் காய்ந்த வத்தலுக்கு உப்பே போட வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் லாரிக்காரன் கடல் வற்றும் நேரம் பார்த்து வரப் பழகினான். பல வருஷமாக எல்லோரையும் கடித்துப் பழகிய தெருமுனை பேக்கரி நாய், அலை வந்து வயிற்றைத் தொட்டுப் போக, கண்ணை மூடிப் படுத்துக் கிடந்தது, சாது ஆகிவிட்டது. சர்க்கரை வந்த ஆண்களெல்லாம் சாயங்காலம் தீவை நாலு சுற்று நடந்தார்கள். மாநகராட்சியிலிருந்து வந்தவர் ஆக்கிரமிப்பா என்று விசாரித்து, விருந்து என்று தெரிந்து, மோர் குடித்துவிட்டு, பதினொன்று பை ஒன்று என்று பனைமரத்தில் நம்பர் எழுதிவிட்டுப் போனார்.

அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க மேரியைக் கூட்டிக்கொண்டு போனாள் மங்கை. விடியலில் லட்சம் ஜனம் கோவிந்தா என்று கத்த, மங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்த மேரி, "இந்த முழங்கால் தண்ணிக்கா மதினி இம்புட்டுக் கூட்டம்?" என்றாள்.

"வாயைக் கழுவு. சாமி இறங்குற இடம்."

"சாமி எறங்கட்டும். நான் தண்ணியச் சொன்னேன்."

"உன் கடல்ல எந்தச் சாமி வந்து இறங்குச்சு?"

"எங்க சாமி கடல் மேல நடந்தே போவாரு. எறங்க மாட்டாரு."

மங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை மறைக்க அவளை இன்னும் இரண்டு வார்த்தை ஏசினாள். மேரி திருப்பி நாலு வார்த்தை ஏசினாள். இப்படித்தான் தினமும். நாலு மணிக்கு மங்கை டீ ஃபிளாஸ்கோடு கடலைத் தாண்டுவாள். ஆறு மணிவரை இரண்டு குரல்கள் மாறி மாறி உயரும். ரசத்துக்குப் பூண்டைத் தட்டுவதா நசுக்குவதா, பூனாவிலிருக்கும் மகளுக்கு நாள்தோறும் போன் பண்ணுவது பாசமா நச்சரிப்பா, சொக்கலிங்கம் நல்லவரா அல்லது பேசத் தெரியாதவரா என்று எல்லாவற்றிலும் இருவருக்கும் இரண்டு கட்சி. "தெனம் போன் பண்ணாதீக மதினி, புள்ள என்னதான் சொல்லும், இன்னைக்குச் சாப்பிட்டேன் நேத்தும் சாப்பிட்டேன்னா?" என்று மேரி சொன்ன அன்று மங்கை இரண்டு நாள் பேசாமலிருந்தாள், மகளுக்கு போனும் பண்ணவில்லை. மூன்றாம் நாள் மகளே கூப்பிட்டாள், "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று, ஒரு மணி நேரம் பேசினாள். அன்று மங்கை ஃபிளாஸ்கோடு முறுக்கும் கொண்டுபோனாள். காரணம் சொல்லவில்லை. மேரியும் கேட்கவில்லை, முறுக்கில் எண்ணெய் காயவில்லை என்று மட்டும் சொன்னாள்.

மங்கைக்கும் கடலுக்கும்கூட ஒரு சண்டை இருந்தது. விடிகாலையில் அவள் வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்து நிமிர்ந்தால், அலை வந்து நக்கிக்கொண்டு போகும். மறுபடி போடுவாள். மறுபடி வரும். "ஹேவ் யூ நோ மேனர்ஸ்?" என்று அவள் கடலைக் கேட்பது எதிர்வீட்டுக்குத் தினமும் கேட்கும். ஆறு வாரம் இப்படிப் போயிற்று. வைகாசி பாதி கடந்த ஒரு நாள் கோலத்தின் வெளிச்சுற்று அழியாமல் தப்பியது. நாலு நாள் கழித்துப் பாதிக் கோலம் தப்பியது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அவள் பதினைந்து புள்ளிக் கோலம் போட்டு நிமிர்ந்து, காத்திருந்தாள். அலை எட்டவில்லை. பத்து மணிக்கு வந்து பார்த்தாள், கோலம் இருந்தது. மத்தியானம் இருந்தது. ஒரு புள்ளிகூடக் கலையாமல் வெயிலில் காய்ந்து கிடந்த அந்தக் கோலத்தைத் தாண்டி அலையோரம் போனாள். குனிந்து கையை வைத்து அளந்தாள். ஒரு முழமாக வந்த கடல் சாண் ஆகி, சாணும் போய், நாலு விரல் அகலத்தில் நின்றது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் அவள் செய்த தப்பு, அது தப்பென்று அவளுக்கே தெரியும். சொன்னால் தீவு போக வேண்டும். தீவு போனால் நாலு மணிக்கு ஃபிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? மறுபடியும் அந்தச் சுவரில்லாத மைதானமா? எனவே கடைக்குப் போய்க் கல்லுப்பு மூட்டை வாங்கினாள். வாளி வாளியாகக் கரைத்து அந்த நாலு விரல் கடலில் ஊற்றினாள். "துணி அலசின தண்ணி," என்றாள் மேரியிடம். "சரி," என்றாள் மேரி. எதற்கும் சரி சொல்லாதவள் சரி சொன்னபோதே மங்கைக்குப் புரிந்திருக்க வேண்டும். பொய் சொல்கிறவளுக்கு அடுத்தவள் பொய் தெரிவதில்லை.

மூன்றாம் நாள், பக்கத்துத் தெருவில் அடுக்குமாடி கட்டும் காண்ட்ராக்டர் ஒருவர் வந்தார். செருப்போடு ஏறினார். மணலை ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்தார், வாயில் போட்டுப் பார்த்துத் துப்பினார்.

"உப்பு இருக்கு. கழுவினா பூச்சுக்கு ஆகும். நாப்பது லோடு தேறும்," என்றார், தனக்குள்.

மங்கை அவரைத் தெருமுனைவரை துரத்திய விதம் தனிக் கதை. முதல் மூன்று வாக்கியம் ஆங்கிலத்தில் இருந்தது என்பது மட்டும் போதும். மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது மேரி வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காலியான கல்லுப்புச் சாக்கு. மங்கையுடைய சாக்கு இல்லை அது.

"நீயுமா ஊத்தின?" என்றாள் மங்கை.

"நீங்க காலையில ஊத்துனீக. நான் மத்தியானம் ஊத்துனேன்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"கோழிக்குத் தெரிஞ்ச அன்னைக்கே எனக்குத் தெரியும். அலைச் சத்தம் கம்மியானா கோழி முட்டை வைக்காது." மேரி மணலைக் கிள்ளிப் போட்டாள். "அலை நின்னுட்டா இது தீவு இல்ல மதினி. வெறும் மணல் குவியல். அந்தாளு சொன்ன நாப்பது லோடு."

"தெரிஞ்சும் ஏன்டி சும்மா இருந்த? உன் வீடுடி அது."

"நீங்க ஏன் சும்மா இருந்தீக?"

மங்கை அந்தக் காலிச் சாக்கை எடுத்து நாலாக மடித்தாள். நாலு விரல் அலை ஒன்று வந்து, நுரைக்கக்கூட வலுவில்லாமல், திரும்பிப் போனது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்திரி," என்றாள் மங்கை கடைசியில். "போலாம்."

தெரு அவ்வளவு லேசில் விடுவதாக இல்லை. சங்கக் கூட்டத்தில் எல்லோரும் தீவு போக வேண்டியதுதான் என்று ஒப்புக்கொண்டார்கள், அதற்கு முன்னால் ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் வேண்டியிருந்தது. ஒருத்திக்கு வத்தல் இன்னும் ஒரு வெயில் காய வேண்டும். ஒருவருடைய மச்சினர் ஓசூரிலிருந்து தீவைப் பார்க்க டிக்கெட் போட்டுவிட்டார். பொன்னையா சார், விருந்தை அமாவாசையில் அனுப்புவது மரபில்லை, வளர்பிறை வரட்டும் என்றார். மங்கை எழுந்து நின்றாள்.

"சார், உங்க எல்லாரையும்விட அது இருக்கணும்னு நினைக்கிறவ நான். மூணு நாளா உப்புக் கரைச்சு ஊத்தினவ நான். எனக்கே போதும்னு தோணிருச்சு. வத்தல் வெயில்ல எங்க வேணாலும் காயும். ஒருத்தி வீடு நாலு விரல்ல நிக்குது. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வண்டி கிளம்பும். தள்ள வர்றவங்க வாங்க, வராதவங்க அப்புறம் என் வாசல்ல வந்து காத்து வாங்கணும்னு நினைக்காதீங்க."

கிளட்ச் வந்து இரண்டு வாரமாகியிருந்ததை, சொக்கலிங்கம் மெக்கானிக்கோடு சேர்ந்துகொண்டு மறைத்து வைத்திருந்தார் என்பது அன்றைக்குத்தான் வெளிவந்தது. "நீ சிரிச்சுக்கிட்டிருந்தியேம்மா," என்றார் அவர், தரையைப் பார்த்து. அவருடைய கல்யாண வாழ்க்கையிலேயே மிக நீளமான விளக்கம் அது.

ஆறு மணிக்கு மொத்தத் தெருவும் நின்றது. தள்ளினார்கள். தீவு ஒரு தரம் முனகி, தார் சாலையை விட்டுப் பெயர்ந்து, கயிற்றின் பின்னால் நடக்கத் தொடங்கியது. தள்ளியவர்களில் பாதிப் பேர் ஏறி உட்கார்ந்துகொள்ள, பேக்கரி நாயும் ஏறிக்கொள்ள, முன்னால் கார், கார் முதுகில் ரேக், ரேக்கில் இரண்டு சைக்கிள், சைக்கிளிலிருந்து கயிறு, கயிற்றின் மறுமுனையில் பனையும் கோழியும் தூங்கும் சூசையுமாக, திருப்புவனத்துத் தென்னந்தோப்புகளைத் தாண்டி, பரமக்குடி நெசவாளர்கள் தறியை விட்டு எழுந்து வந்து பார்க்க, ராமநாதபுரத்துக் கருவேலங்காட்டு வெயிலில், ஒரு முழம் கடலாக வந்தது நாலு விரல் கடலாகத் திரும்பிப் போனது. சுங்கச் சாவடியில் லாரியா பேருந்தா என்று கேட்டார்கள். சொந்தக்காரங்க என்று மங்கை சொன்னாள், கம்பத்தைத் தூக்கிவிட்டார்கள். உச்சிப்புளி வந்தபோது நாலு விரல் சாணாயிற்று. மண்டபம் வந்தபோது முழமாயிற்று. பாம்பன் பாலத்தில் ஏறியதும் கீழேயிருந்த பெரிய கடல் ஒரு தரம் எம்பிப் பார்த்தது.

நண்டுத்தீவு இருந்த இடத்தைக் கடல் நிரப்பியிருக்கவில்லை. பஸ்ஸில் துண்டு போட்டுப் பிடித்து வைத்த இடம் மாதிரி, எட்டு வீட்டு நீளத்துக்கு ஒரு பள்ளத்தை அப்படியே வைத்திருந்தது. அலைகள் அதன் விளிம்புவரை வந்து, ஆள் வருவாக என்பதுபோல் ஒதுங்கிப் போயின. தீவு போய் உட்கார்ந்தது. சூசை எழுந்து வந்தான், கொட்டாவி விட்டான், தேதி கேட்டான். அன்றோடு தடைக்காலம் முடிகிறது என்றார்கள். சொக்கலிங்கம் பதினொரு முடிச்சில் மூன்றாவதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சூசை ஓரிடத்தைப் பிடித்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தான், பதினொன்றும் உதிர்ந்தன. கயிற்றைக் கல்லில் கட்டிவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, அப்படியே படகுத்துறைக்கு நடந்தான்.

மேரி வழியனுப்ப வரவில்லை. வீட்டுக்குள் போய், முதுகைக் காட்டிக்கொண்டு, அடுப்பை ஊதினாள். மங்கையும் போய்ச் சொல்லிக்கொள்ளவில்லை. தெருக்காரர்கள் ராமேஸ்வரம் போய்த் தீர்த்தமாடிவிட்டுப் பஸ் பிடிப்பதாகப் பிரிந்தார்கள். காரில் சொக்கலிங்கமும் மங்கையும் மட்டும். ஒரு மைல் போனார்கள். மங்கை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சொக்கலிங்கம் இரண்டாவது கியரைத் தாண்டாமல் ஓட்டினார்.

"வண்டியை நிறுத்துங்க," என்றாள் அவள்.

நிறுத்தினார். இறங்கி, பின்னால் போய், பட்டையை இழுத்து, ஞானசேகரின் சைக்கிளைக் கீழே இறக்கினாள். துப்பட்டாவைக் குறுக்கே முடிந்துகொண்டாள்.

"குக்கர்ல பருப்பு வச்சிக்கத் தெரியும்ல? மூணு விசில். அந்த ரேக்கைப் பால்பாண்டிகிட்டக் குடுத்துருங்க. ஞானசேகர் சார்கிட்ட சைக்கிள் எங்கிட்ட இருக்குன்னு சொல்லுங்க."

சொக்கலிங்கம் சைக்கிளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "உனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

"ஆறு வருஷம் கான்வென்டுக்கு எதுல போனேன்னு நினைச்சீங்க, பல்லக்குலயா?"

"சரிம்மா," என்றார். அப்புறம், ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக, அதோடு நிறுத்தாமல், "காத்துக்கு எதிர்ல மிதிக்காத. முழங்கால் போயிரும்," என்றார்.

"எனக்குத் தெரியும். நீங்க கிளம்புங்க," என்றாள் மங்கை. ஆனால் கொஞ்சம் நின்று அவரைப் பார்த்துவிட்டுத்தான் ஏறினாள்.

முதல் பத்தடி ஆடிற்று. பிறகு ஆடவில்லை. வலது பக்கம் ஒரு கடல், இடது பக்கம் ஒரு கடல், நடுவில் ஐம்பத்திரண்டு வயசு மங்கையர்க்கரசி. மணல் தொடங்கும் இடத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது கடல் ஏற்றம் வந்து, நண்டுத்தீவுக்குப் போகும் வழியில் ஆளுயரத்துக்குத் தண்ணீர் நின்றது. ஒரு காலை ஊன்றி நின்றாள். வற்றுவதற்குச் சாயங்காலமாகும். பொறுமை அவளுக்கு எந்த நாளில் இருந்திருக்கிறது? மணியை இரண்டு தரம் அடித்தாள்.

கல்லில் கட்டிய கயிறு தொய்ந்து கிடந்தது. யாரும் இழுக்கவில்லை, யாரும் தள்ளவில்லை. நண்டுத்தீவு தன் பள்ளத்திலிருந்து மெதுவாக எழுந்து, கோழிகள் கூச்சலிட, அத்தனை தண்ணீரையும் கடந்து வந்து, அவள் சைக்கிளின் முன்சக்கரத்தில் கரையை ஒட்டி நின்றது.

மேரி அடுப்படியிலிருந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"அவுக போட்டுக்குப் போயாச்சு, மூணு நாளு ஆகும். ரெண்டாளுக்கு உலை வச்சு எம்புட்டு நேரமாச்சு," என்றாள். "இப்பத்தான் வர்றீகளா?"